பாதி கொடுத்தால் அர்ப்பணம் ஆகுமா?



என்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று நாம் காலை ஜெபத்தில் சொல்கிறோம். ‘முழுவதும்’ என்ற அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? நம் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து அதை அறிவோம்.

1712-ஆம் ஆண்டு குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். உயர்ந்ததாக எண்ணப்பட்ட குலம்; திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை. குடும்பத்தில் அடுக்கடுக்காகத் துன்பங்கள் வந்தபோது அவர் மனம் உடைந்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படையிலேயே பணிபுரிந்த டிலனாய் என்ற டச்சுப் படை அதிகாரி, யோபுவின் சரித்திரத்தை அவருக்கு எடுத்துரைத்தார். அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபு அவர் உள்ளத்தில் இடம் பிடித்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமறை தழுவினார்.

தேவசகாயம் தம் ஜெப நேரத்தை மட்டும் இறைவனுக்குக் கொடுக்கவில்லை. பிறப்பால் கிடைத்த பெருமையையும் கொடுத்துவிட்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். அக்காலத்தில் இது சிறிய செயலன்று. 1749-இல் சிறைப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்று அவமானப்படுத்தினர். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வதைபட்டும் அவர் மனம் மாறவில்லை. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இனி வேறொரு காட்சியைப் பாருங்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சாதிக்கு ஒரு பக்கமாக இரு பிரிவுகள் கொண்ட கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவிலோ சுவர்! இரு பக்கத்தாரும் முழங்காலில் நின்று தங்களை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சுவரை மட்டும் ஒப்புக்கொடுக்க மனம் வரவில்லை. 1910-இல் அது இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீண்டும் எழவில்லை.

2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அவர் பெயரோடு முன்னர் எழுதப்பட்டு வந்த சாதிப்பெயர் அன்று சேர்க்கப்படவில்லை. எதைத் துறந்தாரோ அது இல்லாமலேயே திருச்சபை அவரை அழைத்தது.

தோழியரே, கண்டாச்சிபுரத்தைச் சுற்றியுள்ள பல ஊர்களிலிருந்து, பல தெருக்களிலிருந்து நாம் இப்பள்ளிக்கு வருகிறோம். பெஞ்சில் யார் அருகே அமர்கிறோம்? யாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி வாங்கி உண்கிறோம்? எவளை விளையாட்டுக்கு அழைக்காமல் விடுகிறோம்? இறைவனுக்குக் கொடுக்காமல் நாம் ஒளித்து வைத்திருப்பது இங்கேதான் தெரியும்.

உள்ளத்தில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு செய்யும் அர்ப்பணம் பாதி அர்ப்பணமே. நாளைய மதிய உணவு வேளையில் ஒதுங்கி அமர்ந்திருக்கும் ஒருத்தியின் அருகே போய் உட்காருங்கள். காலை ஜெபத்தில் சொன்ன சொல் அங்கே நிறைவுபெறும்.