கண் மஞ்சளாகாவிட்டால் கல்லீரல் நலமா?

‘கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது, கல்லீரலுக்கு என்ன வந்துவிடும்?’ என்ற நம்பிக்கைதான் ஹெபடைடிஸ் பி, சி நோயாளிகளைக் காலம் கடந்து மருத்துவரிடம் அனுப்புகிறது. ரத்தத்தில் பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிகிராமைத் தாண்டினால்தான் கண்ணில் மஞ்சள் தெரியும். அந்த அளவை எட்டாமலேயே இந்த வைரஸ்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலை அரிக்கக்கூடும். அதற்குள் தோலில் வேறு அடையாளங்கள் தோன்றுவதுண்டு. அவற்றை யாரும் கல்லீரலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே கடுகளவில் செம்புள்ளிகள் வரும். தடவினால் சற்று மேடாக இருக்கும். விரலால் அழுத்தினாலும் நிறம் மறையாது. கிரையோகுளோபுலின் எனப்படும், குளிரில் திரளும் புரதங்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களில் படிந்து அழற்சி உண்டாக்க, ரத்தம் கசிவதால் வருபவை இவை. 1966இல் மெல்ட்சரும் ஃபிராங்க்ளினும் இந்த நோயை விவரித்தபோது காரணம் தெரியவில்லை. 1989இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டறியப்பட்டு, அதற்கான பரிசோதனையும் வந்த பிறகு பார்த்தால், இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸ் இருந்தது. வெயில் படும் புறங்கையில் லேசாக உரசினாலே கொப்புளிப்பதும், கன்னத்தின் உட்புறம் வலைபோல் வெண்கோடுகள் படர்வதும்கூட இதே வைரஸோடு தொடர்புடையவையாக இருக்கலாம். ஹெபடைடிஸ் பி தொற்றிலோ, காமாலைக்கு முன்பே சிலருக்கு உடலில் தடிப்பும் மூட்டுவலியும் வந்துபோகும்.

அப்படியானால் தோலில் தடிப்போ அரிப்போ வந்தவர்கள் எல்லாம் பயப்பட வேண்டுமா? வேண்டாம். வறண்ட தோல், சிரங்கு, ஒவ்வாமை ஆகியவையே இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம். வைரஸ் உள்ளவர்களில் பலருக்குத் தோலில் எதுவுமே தெரியாது என்பதுதான் இன்னும் முக்கியம். தோலைப் பார்த்துச் சந்தேகப்படலாம். தோலை நம்பி ‘நோய் இல்லை’ என்று சொல்ல முடியாது. ‘கீழாநெல்லி சாப்பிட்டதும் காமாலை இறங்கியதே’ என்பார்கள். ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெருமை மருந்துக்குப் போகிறது. பி, சி தொற்றில் மஞ்சள் வடிந்த பின்னும் வைரஸ் உள்ளே தங்கிவிடலாம். குணமாகிவிட்டதென்று நம்பிப் பரிசோதனையைக் கைவிடுவது இங்கேதான் ஆபத்தாகிறது.

இரண்டு ரத்தப் பரிசோதனைகள் போதும்: பி-க்கு ஹெச்பிஎஸ்ஏஜி, சி-க்கு ஆன்டி ஹெச்சிவி. இரண்டாவதில் பாசிட்டிவ் என்று வந்தால், வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை உறுதிசெய்யும். ஹெபடைடிஸ் சி-யை இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரைகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணப்படுத்த முடிகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், பச்சை குத்திக்கொண்டவர்களும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்துத் திருப்திப்படாமல், ஒருமுறையாவது ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.