ஊடகச் சேவையகம்: வன்பொருள் தேர்வு

வீட்டில் சேமித்த திரைப்படங்களைத் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் அனுப்பும் கணினியாகிய ஊடகச் சேவையகத்தை அமைப்போர் முதலில் நோக்க வேண்டியது, பார்க்கும் கருவி ஏற்காத காணொளியை அது ஏற்கும் வடிவத்திற்கு உடனுக்குடன் மாற்றும் ‘டிரான்ஸ்கோடிங்’ திறனையே ஆகும். இப்பணியை மென்பொருள் வழியே மட்டும் செய்யும் செயலி ஒரே ஒரு 4கே படத்திற்கே திணறக்கூடும்; மாறாக, இன்டெல் 2011இல் அறிமுகப்படுத்திய ‘குவிக் சிங்க்’ போன்ற, காணொளிக்கென்றே அமைந்த சுற்று உள்ளிருப்பின், 6 வாட் மின்திறனுக்கு வடிவமைக்கப்பட்ட என்100 போன்ற எளிய செயலியே ஒரு குடும்பத்திற்குப் போதுமானது. சேவையகத்தை இயக்கும் மென்பொருள்களுள், இச்சுற்றைப் பயன்படுத்த பிளெக்ஸ் கட்டணம் கேட்கிறது, ஜெல்லிஃபின் கேட்பதில்லை. சேவையகம் இரவும் பகலும் இயங்குவதாகலின், பழைய மேசைக்கணினியை மலிவென்று கொள்வோர் மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுதல் நலம். நினைவகத்திற்கு 8 ஜிபி போதும். 4கே புளூ-ரே படத்தின் தரவு வேகம் சில காட்சிகளில் நொடிக்கு 100 மெகாபிட்டைக் கடக்கக்கூடுமாதலால், வைஃபையை நம்பாது கிகாபிட் கம்பி இணைப்பைக் கொள்வதே தக்கது. பல வன்தட்டுகளை ஒன்றிணைக்கும் ‘ரெய்டு’ முறை, ஒரு தட்டு பழுதானாலும் சேவை தடைபடாமல் காக்க வல்லதெனினும், தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்டுத் தராது. ஆகவே, குடும்பப் படங்களுக்குத் தனிப்பிரதி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.