கருப்பொருளும் கறுப்பு வெள்ளையும்: மா. கிருஷ்ணனின் காட்டுயிர் ஒளிப்படங்கள்

ஒளிப்படக்கலை தோன்றிய காலத்திலேயே இயற்கை வரலாறு அதன் பொருளாயிற்று. 1843இல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் உலர்த்திய கடற்பாசிகளை ஒளியுணர் தாளின்மேல் நேரே வைத்துப் படியெடுத்தார். அழகு குன்றாத அந்நீலப்படிகளில் பாசி உண்டு, கடல் இல்லை. உயிரியைச் சூழலினின்று பிரித்து மாதிரியாகக் காட்டும் இம்மரபுக்கு மறுதலையாக அமைவன மா. கிருஷ்ணனின் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்கள்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த ‘சூப்பர் பாண்டரோசா’ என்னும் ஒளிப்படக் கருவியைக் கையாண்டார். வண்ணச்சுருள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே கைக்கொண்டார். வண்ணம் நீங்கியதும் யானையின் தோல் மடிப்பும் மரப்பட்டையின் வெடிப்பும் ஒரே சாம்பல் நிறத்தின் அடுக்குகளாகின்றன. விலங்கைக் காட்டினின்று கண் எளிதில் பிரித்தெடுப்பதில்லை.

தொல்காப்பியம் விலங்கையும் மரத்தையும் பறவையையும் தெய்வம், உணவு, பறை, யாழ் ஆகியவற்றோடு ஒருங்கே கருப்பொருளாக்குகிறது. அங்கு விலங்கு தனிப்பொருளன்று, நிலத்தின் உறுப்பு. கிருஷ்ணன் இலக்கணம் நோக்கிப் படமெடுத்தார் என்பது இதன் கருத்தன்று. அவர் படங்களை அணுகத் திணைக்கோட்பாடு தக்க அளவுகோல் என்பதே. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலிலுள்ள அவர்தம் கட்டுரைகளை இலக்கியத்துக்கும் படங்களை விலங்கியலுக்கும் எனப் பங்கிடுவது பொருந்தாது. இரண்டிலும் நோக்கு ஒன்றே.