பிள்ளை சொல்லும் முற்பிறவிக் கதை

சென்ற மாத வகுப்பில் ஒரு தாய் கேட்டார்: "என்ர மகன் தனக்கு வேற அம்மா இருக்கிறா எண்டு சொல்லுறான். என்ன செய்யிறது?" அன்று நான் மழுப்பிவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இலங்கையின் பௌத்தக் குடும்பங்களில் இத்தகைய பேச்சு புதிதன்று. 1956இல் பிறந்த ஒரு சிங்களச் சிறுமி, தலவாக்கலையில் 1954இல் இறந்த சிறுவன் தானே என்றாள். வர்ஜீனியாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் இலங்கை வந்து விசாரித்தார். 1966இல் வெளியான அவரது நூலின் 20 சம்பவங்களில் 3 இலங்கைக்குரியவை. 1977இல் இலங்கையின் 10 சம்பவங்களைத் தனி நூலாக்கினார். அரபு உலகிலும் லெபனானின் துரூஸ் மக்களிடையே இதே கதைகள் உண்டு. பொதுவாகப் பிள்ளை இரண்டு முதல் நான்கு வயதுக்குள் சொல்லத் தொடங்கும். பள்ளி செல்லும் வயதில் மறந்துவிடும். குறிப்பிடப்படுபவர் பெரும்பாலும் விபத்திலோ வன்முறையிலோ மாண்டவர்.

நிலையான ஆன்மா இல்லை என்பது பௌத்தம். வினைத்தொடர்ச்சியே அடுத்த பிறவியாகிறது. ஆன்மா என்றும் உள்ளது என்பது நம் சைவம். ஆனால் தொட்டிலருகே நிற்கும் தாய்க்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

நான் கணக்காளன். எனக்குச் சாட்சியம்தான் முக்கியம். பல சம்பவங்களில் ஆய்வாளர் வருமுன்பே இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசிவிட்டன. பணம் கொடுத்தபின் எழுதிய வவுச்சர் போன்றது அது. சரிபார்க்குமுன்பே பிள்ளை சொன்னதை எழுதிவைத்த சம்பவங்கள் மிகக் குறைவு. அப்படியான மூன்றை ஸ்டீவன்சனும் கொட்வின் சமரரத்னவும் 1988இல் வெளியிட்டனர். நம் சுந்தரர் வரலாற்றிலும் ஓலைதான் பேசுகிறது. அவர் படியோலையைக் கிழித்தபின்னும் மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வந்தது. நல்ல கணக்காய்வு!

இனி என் வீட்டுக் கதை. ஷரஃபியாவில் பிறந்த என் மகள் மூன்று வயதில் ஒருநாள், "எங்கட கிணத்தடியில எனக்குக் காயம்" என்றாள். மனைவியின் தம்பி 2009இல் வன்னியில், ஒரு கிணற்றடியில் ஷெல் பட்டு இறந்தவர். ஊரிலிருந்த மாமியார் தொலைபேசியில் அழுதார். பிறகு வெள்ளிதோறும் பேத்தியைக் கேட்டார்: "சைக்கிள் ஞாபகம் இருக்கோ? நீலச் சேட்டு?" அடுத்த நாள் சைக்கிளும் நீலச் சேட்டும் மகளின் கதையில் சேர்ந்துகொண்டன. நான் கவனித்தேன், மனைவியிடம் சொல்லத் துணிவில்லை. அந்த முதல் வாக்கியத்தை மட்டும் அவள் எங்கே கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றே எழுதிவைக்கவுமில்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதித் திகதியிடுங்கள். கேள்வி கேட்டு வளர்க்காதீர்கள். பொய் என்று ஏசாதீர்கள். உறவினருக்கு உடனே அறிவிக்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளையை இழந்தவருக்கு.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஒன்றும் ஞாபகமில்லை. மாமியார் இன்றும் அவளைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். நான் திருத்துவதில்லை.