செப்டெம்பரில் ஏழாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

லண்டனில் தனியார் பெண்கள் பள்ளிகளில் இடம் கிடைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, அப்படியான பள்ளிகளில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு கிழவி சொல்வது:

1. நுழைவுத் தேர்வு முடிந்துவிட்டது. ரியூசன் புத்தகங்களைத் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள். புது வகுப்பில் இருக்கும் எல்லாருமே அவரவர் ஆரம்பப் பள்ளியில் முதலாம் பிள்ளைகள். அங்கே நீங்கள் பதினைந்தாவதாக வந்தால் பதறாதீர்கள். யாரோ ஒருத்தி வரத்தானே வேண்டும்!

2. கணக்கில் புள்ளி குறைந்தால் தாளை ஒளிக்காதீர்கள். இன்று எட்ஜ்வெயரில், நம் ஆட்கள் நிறைந்த ஹரோவுக்குப் பக்கத்தில், நோர்த் லண்டன் கொலீஜியேட் பள்ளி இருக்கிறதல்லவா? 1850இல் அதைக் கேம்டனில் தொடங்கியவர் பிரான்சிஸ் மேரி பஸ் அம்மையார். ஆண்பிள்ளைகளுக்கென்று கேம்பிரிட்ஜ் நடத்திய தேர்வை 1863இல் பெண்களும் ஒரு பரீட்சார்த்தமாக எழுத விட்டார்கள். அவரும் தம் மாணவிகளை அனுப்பினார். எழுதிய பெண்களில் பலர் கணக்கில் தோற்றார்கள். பெண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்ல ஊரே காத்திருந்த காலம் அது. அம்மையார் கணக்குப் படிப்பிக்கும் முறையைத் திருத்தினார். 1865இல் அந்தத் தேர்வு முறைப்படி பெண்களுக்குத் திறந்தது. பிழைவிட்ட தாளோடு ஆசிரியரிடம் போகிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

3. பெயரை முதல் நாளே சரியாகச் சொல்லிக் கொடுங்கள். தைப்பொங்கல் வந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

4. ஆண்பிள்ளைகள் இல்லாத பள்ளியில் விவாத மேடையின் தலைமை, நாடகத்துக்கு விளக்குக் கட்டுவது, பௌதிக ஆய்வுகூடத்தில் பாரம் தூக்குவது எல்லாம் உங்கள் வேலை. முந்திக்கொள்ளுங்கள். லக்ரோஸ் தெரியாதென்று ஒதுங்க வேண்டாம். கூட நிற்கும் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது.

5. பனிச்சறுக்கு விடுமுறைக் கதைகள் காதில் விழும். விழட்டும். கட்டணச் சலுகையில் படிப்பவர்கள் அதற்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை. 1872இல் தொடங்கிய பெண்கள் பகல்பள்ளி அறக்கட்டளையே நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுபடியாகும் கட்டணத்தில் நல்ல படிப்பைக் கொடுக்க வந்ததுதான்.

6. விடுதி இல்லாத பள்ளி. பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். வந்ததும் அம்மாவோடு தமிழில் அரைமணி நேரம் அலட்டுங்கள். வீட்டுப்பாடம் அதன் பிறகு.

7. ஜீசிஎஸ்ஈ பாடங்களைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் ஒன்பதாம் ஆண்டில். அதற்குள் டொக்டர் என்று முடிவெடுக்காதீர்கள். லத்தீன், மட்பாண்டம், ட்ரம்பெட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மருத்துவம் எங்கும் ஓடிவிடாது.

8. இது பெற்றோருக்கு. 2025 ஜனவரியிலிருந்து கட்டணத்தின்மேல் 20 வீத வரியும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பாரம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குச் சொல்லிக் காட்டாதீர்கள்.