அரோகரா முழக்கமும் வேணும், பாடுபவர் குரலும் வேணும்

நான் செரண்டாவைச் சேர்ந்த பொறியியல் மாணவன். நம்ம பக்கத்துத் தோட்டக் கோயில்களில் காவடிச் சிந்தும் தேவாரமும் மனப்பாடமாகப் பாடும் பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அவர்கள் பாடும் விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாம கைப்பேசியில் எடுத்து வைக்கும் பதிவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு மெல்லக் கேட்கும். திடீரென்று கூட்டம் 'அரோகரா' என்று முழங்கும், உருமி மேளம் சேரும், காது வலிக்கும். சத்தத்தைக் குறைத்தால் அடுத்த வரி கேட்காது. இதைச் சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதல் பாடம்: பதிவு செய்யும்போது

டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்ச எல்லை. அதைத் தாண்டும் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், கரகரவென்று கேட்கும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. அதனால் பாட்டின் உச்சம் -18 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள். முழக்கம் எழும்ப மேலே 18 டெசிபல் இடம் கிடைக்கும்.

மைக்கைப் பாடுபவருக்கு அருகில் கொண்டு போங்கள். 30 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். தூரத்தில் நிற்கும் கூட்டத்தின் சத்தம் அப்படியேதான் இருக்கும். ஒருபக்க மைக் என்றால் அதன் பின்புறம் கூட்டத்தைப் பார்த்திருக்கட்டும்.

சில செயலிகள் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். முழக்கம் வந்ததும் அவை அளவை இறக்கிவிடும். முழக்கம் ஓய்ந்த பிறகும் சில விநாடிகளுக்குப் பாட்டு அமுங்கியே கேட்கும். அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் பாடம்: பதிவு செய்த பிறகு

அடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். முதலில் மூலப் பதிவை ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கையால் இறக்குவது. அலை வடிவத்தில் முழக்கம் மலை மாதிரி தெரியும். என்வலப் கருவியால் அந்த இடத்தை மட்டும் 8 முதல் 10 டெசிபல் இறக்குங்கள். இரு ஓரத்திலும் அரை விநாடி சரிவு இருக்கட்டும். இல்லையென்றால் வெட்டி ஒட்டியது போல் கேட்கும்.

2. கம்ப்ரெசர். வாசல் அளவு -18, விகிதம் 4:1 என்று வைத்தால், -6 டெசிபலில் வரும் சத்தம் வாசலை 12 தாண்டுகிறது. அந்த 12, நாலில் ஒரு பங்காகி 3 ஆகும். ஆக, வெளியே வருவது -15. விடுவிக்கும் நேரத்தை ரொம்பக் குறைத்தால் பின்னணி ஒலி மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். அரை விநாடியில் தொடங்கிப் பாருங்கள்.

3. லிமிட்டர். இப்போது மொத்தப் பதிவையும் தேவையான அளவுக்கு உயர்த்தி, எல்லையை -1 டெசிபலில் கட்டுங்கள்.

ஏன் கையால் முதலில்? கம்ப்ரெசருக்குப் பக்தி முழக்கம் எது, பாடுபவர் உச்சஸ்தாயியில் எடுக்கும் இடம் எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி அமுக்கிவிடும். நம்ம காதுக்குத்தான் தெரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். குரலும் முழக்கமும் ஒரே நேரத்தில் ஒரே மைக்கில் விழுந்திருந்தால், அளவைக் குறைக்கும்போது இரண்டும் சேர்ந்தே குறையும். அதனால்தான் முதல் பாடம் முக்கியம். முழக்கத்தைச் சுத்தமாகத் துடைக்கவும் வேண்டாம். அது இல்லாவிட்டால் கோயிலில் பாடியது மாதிரியே இருக்காது. பாட்டை விடக் கொஞ்சம் மேலே நின்றால் போதும்.

பயிற்சி: உங்கள் கோயிலில் பாடும் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைப் பூஜையில் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்னபடி சீராக்கி, முதலில் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியும் அவர் காதுக்குத் தெளிவாக விழுந்தால் உங்கள் வேலை சரி. பாட்டின் பெயர், பாடியவர், கோயில், தேதி நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.