இலவசக் கல்விக்குப் பணம் கொடுப்பவர் யார்?



“பிள்ளையின் படிப்புக்குச் செலவில்லை, அரசாங்கப் பள்ளிக்கூடந்தானே” என்று சொல்வது நம்மிடையே வழக்கம். இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அரசாங்க சபையில் வாதாடி வென்றதன் பயனாக, 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால், திருச்சபையும் ஏனைய சமய நிறுவனங்களும் நடத்திவந்த உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் வசமாயின. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் சேர்ந்துகொண்டன.

இவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? நமது வரியிலிருந்து. வருமான வரி கட்டுவோர் சிலரே. ஆனால், கடையிற் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் விலையோடு சேர்த்து வரியுங் கொடுக்கின்றனர். அரசின் வரி வருமானத்திற் பெரும்பகுதி இவ்வாறே திரட்டப்படுகிறது. ஆகவே, கடற்றொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் பாடசாலைக்குத் தம் பங்கைக் கொடுப்பவர்களே. அது அவர்களுக்கு இடும் பிச்சையன்று, அவர்களது உரிமை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென 2015இல் இன்சியோன் நகரிற் கூடிய உலகக் கல்வி மாநாடு வற்புறுத்தியது. இலங்கையோ அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 2 வீதத்தோடு நின்றுவிட்டது. அதிலும் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. எனவே, கூரை ஒழுகினாலும் மேசை உடைந்தாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடமே வருகிறது. பின்னேர வகுப்புக்கான கட்டணம் வேறு. அரசு குறைத்த சுமை மறைந்துவிடுவதில்லை; குடும்பத்தின் தோளுக்கு மாறுகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கவே எத்தனை தாய்மார் தயங்கினர்!

இச்சுமை எல்லா ஊர்களுக்கும் ஒன்றல்ல. வசதியுள்ள பெற்றோரும் வெளிநாட்டிற் பழைய மாணவரும் உள்ள நகரப் பாடசாலை இலட்சக்கணக்கில் திரட்டும். கிராமப் பாடசாலையால் அது முடியாது. பஸ் கட்டணம் கொடுக்கக் கூடியவர் பிள்ளையை நகரத்துக்கு அனுப்புகின்றனர். மாணவர் தொகை குறையக் குறைய ஆசிரியரும் நிதியும் குறைகின்றன. எஞ்சுவோர் ஏழைப் பிள்ளைகளே. பாடசாலை மூடப்பட்டால் ஊர் இழப்பது வகுப்பறையை மட்டுமா? வெள்ளம் வந்தாலும், 2004இல் ஆழிப்பேரலை வந்தபோதும், மக்கள் தஞ்சமடைந்த கூரை எது?

நாம் செய்யக்கூடியது யாது? சங்கக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். அரசிடமிருந்து கிடைத்த பணம் எவ்வளவு, பெற்றோர் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். மரியாதையோடு கேட்பது குழப்பமாகாது. பணங் கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதை ஒன்றுகூடி நிறுத்துங்கள். அப்பிள்ளையின் பெற்றோர் கடையிலே தம் பங்கைக் கொடுத்துவிட்டனர்.

சிந்தனைக்கு:

1. சென்ற வருடம் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்புக்குச் செலவானது எவ்வளவு?

2. உங்கள் ஊர்ப் பாடசாலையை விட்டு விலகியோர் எத்தனை பேர்? ஏன் விலகினர்?